மாத்திரை கேட்கவில்லையா? வழி இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கும் கட்டிலை விட்டு எழ மனமில்லாமல் ஒருவர் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்காட் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை. ‘இதெல்லாம் நமக்கு ஒத்து வராது’ என்று மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆனால், முதல் மாத்திரை கேட்காமல் போவது அபூர்வமே அல்ல. 2006-ல் முடிவுகள் வெளியான ‘ஸ்டார் டி’ என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் மருந்திலேயே அறிகுறிகள் முழுமையாக நீங்கியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மருந்தை மாற்றியும், இன்னொன்றைச் சேர்த்தும் பிறகு தேறியவர்கள் பலர்.

இரண்டு வெவ்வேறு மருந்துகளைச் சரியான அளவில், போதுமான வாரங்கள் சாப்பிட்டும் பலன் இல்லையென்றால்தான் ‘மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு’ என்பார்கள். அதற்கு முன், மாத்திரையை நடுவில் விட்டாரா, தைராய்டு குறைவா, குடிப்பழக்கம் உண்டா, நைட் ஷிஃப்ட் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று பார்ப்பார்கள். இடையிடையே அளவுக்கு மீறிய உற்சாகம் வந்திருந்தால் அது ‘பைபோலார்’ ஆக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு.

அடுத்த கட்டமாக லித்தியம் சேர்ப்பது, பேச்சு சிகிச்சை, காந்த அலை மூலம் மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ்., கெட்டமைன் வகை மருந்து எனப் பல வழிகள் உண்டு. கடுமையான நிலையில் நல்ல பலன் தருவது ஈ.சி.டி. ‘ஷாக்’ என்றதும் சினிமா காட்சிதான் ஞாபகம் வரும். ஆனால் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதிக்கிறது. ஞாபக மறதி வரலாம். அதை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. எங்கே போனாலும் பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதை, எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதை வைத்துத்தான் அடுத்த மருந்து முடிவாகும். தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

‘வாழப் பிடிக்கலை’ என்று சொன்னால் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 ‘டெலி மானஸ்’ எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.