முதலாளிக்குத் தற்காலிக பர்மிட் உண்டு, டிரைவருக்கு?

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போகும் ஏதாவது ஒரு தனியார் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காலாவதியாகக்கூடிய காகிதங்களில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று முதலாளியின் ரூட் பர்மிட். இன்னொன்று டிரைவரின் லைசென்ஸ். இரண்டுக்கும் ஒரே சட்டம்தான், 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம். ஆனால் அது இரண்டு பேரையும் நடத்துகிற லட்சணத்தைப் பாருங்கள்.

பர்மிட்டைப் புதுப்பிக்க மனு போட்டு முடிவு வரவில்லையா? கவலையே இல்லை, 87-ஆம் பிரிவு இருக்கிறது. திருவிழா ஸ்பெஷல்களுக்குத் தற்காலிக பர்மிட் கொடுக்கும் அதே பிரிவு, புதுப்பிப்பு மனு நிலுவையில் இருக்கும்போதும் கொடுக்கலாம் என்கிறது, நான்கு மாதம் வரை. வண்டி நிற்காது.

டிரைவர் கதை வேறு. முன்பெல்லாம் லைசென்ஸ் காலாவதியானாலும் 30 நாள் செல்லும். 2019-இல் வந்த திருத்தச் சட்டம் அதையும் பிடுங்கிக்கொண்டது. தேதி தாண்டிய மறுநாள் ஸ்டியரிங்கைத் தொட்டால் 5000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்த முதலாளிக்கும் தனியாகத் தண்டனை உண்டு. போதாததற்கு, டிரைவர் லைசென்ஸைப் புதுப்பித்தாரா என்று மூன்று வருஷமாகப் பார்க்காத முதலாளிதான் இழப்பீடு தர வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனி அல்ல என்று 2020-இல் பேலி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்த முதலாளி ரிஸ்க் எடுப்பார்? "லைசென்ஸ் வந்ததும் வாப்பா" என்பார்.

வண்டி நின்றால் நஷ்டத்தை எழுத முதலாளிக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. டிரைவர் நின்றால் அன்றைய சம்பளமும் பேட்டாவும் போச்சு, அவ்வளவுதான்.

முன்கூட்டியே மனு போட வேண்டியதுதானே என்பார்கள். சரி, ஒரு வருஷம் முன்பே போடலாம் என்று சட்டமே சொல்கிறது. போடாமல் தூங்கியவருக்காக இங்கே யாரும் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மனு போடும் தேதிதான் டிரைவர் கையில் இருக்கிறது. சர்வர் படுத்தால், ஒரு காகிதம் குறைகிறது என்று மனு திரும்பினால், அவர் என்ன செய்வார்? சிப்காட்டுக்கு ஆசிட் டேங்கர் ஓட்டுகிறவருக்கு இந்தத் தலைவலி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, மறுபயிற்சியோடு சேர்த்து.

பாதுகாப்பு என்று ஒரு வாதம் வரும். கண் பார்வை சரியாக இருக்கிறதா என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட 1-ஏ படிவம் மனுவோடேயே போகிறதே! அதற்குப் பிறகு ஆபீஸில் நடப்பது காகித வேலைதான். அந்த நாட்களில் அவர் கண் மங்கிவிடுமா?

முடியாத காரியமும் இல்லை. கொரோனா சமயத்தில் 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான லைசென்ஸ்களை 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்று மத்திய அரசே அறிவித்தது. பிரிட்டனில், நம் சட்டம் வந்த அதே 1988-இல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு, மனு பரிசீலனையில் இருக்கும்போது தகுதியுள்ளவர் சில நிபந்தனைகளோடு வண்டி ஓட்டலாம் என்கிறது.

காலாவதிக்கு முன்பே, மருத்துவச் சான்றிதழோடு மனு போட்டவருக்கு அந்த ரசீதே நான்கு மாதத்துக்குத் தற்காலிக லைசென்ஸ் என்று 14-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கட்டும். முதலாளிக்குக் கொடுத்த அதே நான்கு மாதம்தான், ஒரு நாள்கூட அதிகமில்லை.