காலி பார்க்கிங்தானே மாமா?

அக்கா மகனுக்கு லைசென்ஸ் கிடைத்து மூன்று மாதம். போன சனிக்கிழமை பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே ஒரு வீடியோவைக் காட்டினான். "ராத்திரி நம்ம பில்டிங் பின்னாடி காலியாத்தானே மாமா இருக்கு? ரெண்டு ரவுண்டு டிரிஃப்ட் பண்ணா என்ன?"

திட்டவில்லை. கணக்கு போட்டேன். உயிருக்கு ஆபத்தாக ஓட்டினால் 2,000 திர்ஹாம் அபராதம், 23 கறுப்புப் புள்ளி, வண்டி 60 நாள் போலீஸ் யார்டில். 24 புள்ளியானால் லைசென்ஸே போச்சு. துபாயில் 2023 முதல் அந்த வண்டியை மீட்க 50,000 திர்ஹாம். வண்டியோ அத்தான் பெயரில்.

"அதோட, நம்ம கேம்ரி முன்சக்கரத்தால ஓடுறது. அதில டிரிஃப்ட் சரியா வராதுடா."

முகம் வாடிவிட்டது. "அப்போ ஆசைப்படவே கூடாதா?"

"ஆசைப்படு. சின்னதா ஆரம்பி." முதலில் துபாய் ஆட்டோட்ரோமில் கோ-கார்ட், ஸ்டீயரிங் கை பழகும். அடுத்து, டிராக்கில் பயிற்சியாளரோடு ஒரு வகுப்பு. அதுக்கப்புறமும் ஆசை இருந்தால், பின்சக்கர இயக்கம் உள்ள பழைய மேனுவல் கார். பவர் அதிகம் வேண்டாம். பின்சக்கரத்துக்குப் பழைய டயர் போதும். ஈரத் தரையில் பழகினால் அதுவும் சீக்கிரம் தேயாது. ஹெல்மெட், பிரேக், கூலன்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

அக்கா முறைத்தாள். அத்தான்தான் கேட்டார்: "கோ-கார்ட்டுக்கு எத்தனை பேர் போகலாம்?"

அடுத்த சனிக்கிழமை மூணு பேரும் போகிறோம். உங்க வீட்டுப் பிள்ளையும் இப்படிக் கேட்டால், உடனே "கூடாது"ன்னு முடிச்சிடாதீங்க. ஒருநாள் டிராக்குக்குக் கூடப் போய்ட்டு வாங்க.