கடிதமும் எழுத்துதான்

எழுத்தாளர்களிடம் மின்னஞ்சலைப் பற்றிப் பேசினால் இரண்டு பதில்கள்தாம் வருகின்றன. ஒன்று, "அதெல்லாம் இப்ப யாரு பார்க்கிறா, புலனத்துல போட்டு விடுங்க." இன்னொன்று, "ஆபிஸ் வேலைக்கு மட்டும்தான்." எந்த எழுத்துரு கண்ணுக்கு இதம், எந்த மென்பொருளில் நாவல் எழுதலாம் என்று மணிக்கணக்காக விவாதிப்பவர்கள்கூட, கடிதம் என்று வந்தால் திறந்திருக்கும் ஜன்னலில் நாலு வரி தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கதைதான் எழுத்து, கடிதம் வெறும் அலுவல் என்ற இந்தப் பாகுபாட்டை நான் ஏற்கவில்லை. அதனால்தான் என் மின்னஞ்சல்களைக் கதை எழுதும் அதே ஈமேக்ஸுக்குள் படிக்கிறேன், அதற்குள்ளேயே பதில் எழுதுகிறேன்.

"அது புரோகிராமர்களோட சாமானாச்சேண்ணே, நமக்கு எதுக்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். இருக்கட்டுமே. தட்டச்சுப்பொறியும் குமாஸ்தாக்களின் சாமானாகத்தான் இருந்தது.

ஈமேக்ஸ் ஓர் உரைத்தொகுப்பி. 1976இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்தது. இன்று நாம் பயன்படுத்தும் குனு ஈமேக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் திறந்தே கிடப்பதால், பிடிக்காததை நாமே மாற்றிக்கொள்ளலாம். அஞ்சல் படிக்க ஆர்மெயில், க்னஸ், மியூஃபோர்ஈ என்று பல வழிகள் அதில் உண்டு. நான் வைத்திருப்பது நாட்மச்.

நடப்பது இவ்வளவுதான். எம்பிசிங்க் என்ற சிறு நிரல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வழங்கியில் இருக்கும் கடிதங்களை என் கணினிக்கு நகலெடுத்து வருகிறது. ஒரு கடிதம், ஒரு கோப்பு. நாட்மச் அவற்றின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. தேடுவதற்கான அடைவை மட்டும் கட்டிக்கொள்கிறது. அடுக்கி வைக்க உறைகள் கிடையாது, குறிச்சொற்கள்தாம். 'கதை', 'மொழிபெயர்ப்பு', 'பதில்கடன்' என்று நானே வைத்தவை. பதில்கடன் என்று தேடினால் யார் யாருக்கு எத்தனை நாளாகக் கடன்பட்டிருக்கிறேன் என்பது வரிசையாக வந்து நிற்கும். அதைப் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு சுகமானதல்ல.

இளைஞர் ஒருவர் கதை அனுப்புகிறார் என்று வையுங்கள். கடிதத்தின் உடலிலேயே ஒட்டி அனுப்பச் சொல்வேன். திரையின் இடப்பக்கம் அவர் கதை, வலப்பக்கம் என் பதில். ஆறு மாதத்துக்கு முன் அவர் அனுப்பிய கதையையும் அடியில் திறந்து வைத்துக்கொள்ளலாம். பத்தியை நகர்த்துவதற்கும் ஒரு வரியைப் பெயர்த்து எடுத்துவருவதற்கும் கதை எழுதும்போது விரல்கள் பழகிய அதே விசைகள்தாம். ஆகவே பதிலும் ஒரு பிரதியாக நீள்கிறது, திருத்தப்படுகிறது, ஓர் இரவு ஊறுகிறது.

ஜிமெயிலின் ஜன்னலில் இது நடக்காதா? நடக்கலாம். ஆனால் அந்த ஜன்னல் நம்மைத் துரத்துவதற்கென்றே கட்டப்பட்டது. 2018 முதல், நாம் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை அதுவே முடித்துக் காட்டுகிறது. தமிழில் யோசித்த ஆசிரியரும் கடைசியில் 'நோட்டட், தேங்ஸ்' என்று அனுப்பிவிடுகிறார். இருபது பக்கக் கதைக்கு இரண்டு சொல் பதில் வாங்கிய பையன் அடுத்த கதையை யாருக்கு அனுப்புவான்?

தமிழ் ஒழுங்காக வருமா என்று கேட்பீர்கள். வருகிறது. தமிழ்99 உள்ளீட்டு முறை ஈமேக்ஸுக்குள்ளேயே உண்டு. 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துவடிவ நிரல் கூட இருப்பதால் கொம்பும் காலும் பிய்ந்து தொங்குவதில்லை. தேடலில்தான் சிக்கல். 'கடிதம்' என்று தேடினால் 'கடிதத்தில்' கிடைக்காது; 'கடித' என்று எழுதிப் பின்னால் உடுக்குறி போட வேண்டும். நம் வேற்றுமை உருபுகளை நாட்மச் கண்டுகொள்வதில்லை.

தமிழில் மின்னஞ்சல் நமக்கு ஒன்றும் இறக்குமதிச் சரக்கல்ல. முத்து நெடுமாறன் மலேசியாவில் உருவாக்கிய மென்பொருளின் பெயரே முரசு அஞ்சல். யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி குறியாக்கத்தில் எழுதிய கடிதம் கோப்பாக யார் கையிலாவது இருந்தால், லினக்ஸில் ஐகான்வ் என்ற கட்டளை இன்றும் அதை யூனிகோடாக்கித் தரும். கோப்பாக இருந்தால். என் சண்டை முழுக்க அந்த 'இருந்தால்' பற்றித்தான்.

1950களில் கோலாலம்பூரில் தமிழ் நேசனில் வேலை பார்த்தவர் கு. அழகிரிசாமி. அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்திருக்கின்றன. பெற்றவர் கையில் தாள்கள் இருந்தன, ஆகவே நமக்கு நூல் இருக்கிறது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுதும் ஒருவர் இறந்துபோனால் நமக்கு என்ன மிஞ்சும்? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை உள்ளிருக்கும் கடிதங்களோடு நீக்கக்கூடும் என்று கூகுள் 2023இலேயே அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. நமக்குப் பின் யார் பார்க்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க அதில் வசதி உண்டுதான். உங்களில் எத்தனை பேர் எழுதிவைத்திருக்கிறீர்கள்? எழுத்தாளரின் மனைவிக்குக் கடவுச்சொல் தெரியாது, பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு ஆண்டுகள் ஓடுவதற்கு எவ்வளவு நேரமாகும்?

இதை அமைக்க இரண்டு வாரஇறுதிகள் போகும், பொய் சொல்லமாட்டேன். வங்கியும் விமான நிறுவனமும் அனுப்பும் வண்ணக் கடிதங்கள் ஈமேக்ஸில் அலங்கோலமாகத் தெரியும். எனக்கு அதில் வருத்தமில்லை. கோப்பை நேரடியாகத் திறந்தால் தமிழ் தெரியாமல் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக்கிடக்கலாம். பயப்பட வேண்டாம், அது பேஸ்64 என்ற பொதுக் குறியாக்கம், எந்த அஞ்சல் நிரலும் பிரித்துத் தரும். அங்கே அழிந்தால் இங்கேயும் அழி என்று மட்டும் எம்பிசிங்க்கை அமைத்துவிடாதீர்கள்.

பல்கலைக்கழக முகவரி வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் தொல்லை. மைக்ரோசாஃப்டின் நிறுவன அஞ்சல்களில் வெறும் கடவுச்சொல்லால் நுழையும் வழியை 2022 அக்டோபரிலிருந்து அடைக்கத் தொடங்கினார்கள். வேறு வழிகள் உண்டு, ஆனால் உங்கள் கணினித்துறை அனுமதிக்க வேண்டும். அதற்காகக் கெஞ்சிக்கொண்டிருக்காமல் எழுத்துக்கென்று தனி முகவரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் அந்தப் பழைய முகவரியை எப்போது மூடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.