வெயில் எல்லாருக்கும், கூரை யாருக்கு?

"சேரி மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை." வங்கிக் கடனுக்கும் இதையே சொன்னார்கள், கல்வி உதவித்தொகைக்கும் இதையே சொன்னார்கள். இப்போது மொட்டை மாடியில் சூரிய மின்தகடு பொருத்தும் திட்டத்துக்கும் அதே பாட்டு. ஊர்த் தெருவில் தகடுகள் மின்னுகின்றன, சேரியில் ஒன்றுகூட இல்லை. ஆகவே விழிப்புணர்வு முகாம் போடலாம் வாருங்கள் என்று மாணவர்களைக் கூப்பிடுகிறார்கள். தோழர்களே, முகாமுக்குக் கிளம்பும் முன் விண்ணப்பத்தை ஒருமுறை படியுங்கள்.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. இலக்கு ஒரு கோடி வீடுகள். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். கேட்பது மூன்றே மூன்று: சொந்த வீடு, தகடு தாங்கும் கூரை, முறையான மின் இணைப்பு. சாதி பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கேட்கத் தேவையும் இல்லை. இந்த மூன்றும் யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிட்டது.

புறம்போக்கில் மூன்று தலைமுறையாக வாழ்கிறவர் வீட்டைச் 'சொந்தம்' என்று எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பார்? மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. கூரை என்று பார்த்தால், பழைய தொகுப்பு வீடுகளின் தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழைக்கு ஒழுகும் தளத்தின்மேல் இரும்புச் சட்டம் போட்டுத் துளையிடச் சொல்வதா? 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். ஓட்டு வீட்டையும் சிமெண்ட் சீட்டு வீட்டையும் சொல்லவே வேண்டாம்.

இதைவிட முக்கியமானது கணக்கு. வட்டி குறைவு, பிணை வேண்டாம் என்று கடனை நம் மக்கள் தலையில் கட்டுவதற்கு முன் மின் கட்டண அட்டையை வாங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட் செலவாகும் வீட்டுக்குக் கட்டணம் ஏறத்தாழ 235 ரூபாய். 500 யூனிட் ஓடும் வீட்டுக்கு ஏறத்தாழ 1,800. 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். இரண்டு மின்விசிறி, ஒரு டிவி ஓடும் வீட்டில் அது மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு 1,400 ரூபாய். மானியம் போகக் கைக்காசு 30,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், போட்ட பணம் திரும்ப இருபது ஆண்டு தாண்டும். ஏசி ஓடும் வீட்டுக்காரருக்குச் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். இந்தக் கணக்குத் தெரிந்துதான் நம் அம்மாக்கள் 'எங்களுக்கு வேண்டாம் தம்பி' என்கிறார்கள். இதற்குப் பெயர் விழிப்புணர்வு இல்லாமையா?

ஏழை வீட்டுக் கூரையில் சூரிய ஒளி என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதுமல்ல. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு, சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்கு. ஐந்து விளக்கு மட்டும்! மின்விசிறி அந்தக் கணக்கில் இல்லை. ஏழைக்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதை யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.

1943 அக்டோபரில், வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக, போருக்குப் பிந்தைய மின் வளர்ச்சி பற்றிப் பேசிய அண்ணல் அம்பேத்கர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று: மின்சாரம் அரசின் உடைமையாக இருக்க வேண்டுமா, தனியார் உடைமையாகவா? எண்பது ஆண்டு கழித்து நாமும் அதையே கேட்க வேண்டியிருக்கிறது. கூரை தனியாருடையது, கடன் தனியாருடையது, மானியம் மட்டும் பொதுப்பணம் என்றால், பொதுப்பணம் கூரை உள்ளவனிடமே போய்ச் சேரும்.

மாற்று வழி அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மின் விநியோக நிறுவனமோ மாநில அரசோ முன்னின்று வீடுகளுக்குத் தகடு பொருத்தித் தரலாம் என்று 2024 டிசம்பரில் தனி வழிகாட்டுதலே வந்தது. ஓரிடத்தில் தகடு வைத்து, விளையும் மின்சாரத்தைப் பல வீடுகளின் கணக்கில் பிரித்து வரவு வைக்கும் முறைக்கும் மானியம் உண்டு. கேரளத்தில் லைஃப் மிஷன் வீடுகளில் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு அனெர்ட் இலவசமாகவே பொருத்திக் கொடுத்திருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், வரவேற்கிறோம். பெயர் போகட்டும், கூரை எப்போது வரும்?

எனவே முகாம் வேண்டாம், கணக்கெடுப்பு வேண்டும். ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாக மின் இணைப்பு எண், யார் பெயரில் இருக்கிறது, கடைசி மூன்று கட்டண ரசீது, கூரை வகை, பட்டா உண்டா என்று எழுதுங்கள். இறந்தவர் பெயரில் உள்ள இணைப்புகளுக்குப் பெயர் மாற்ற மனுவை அன்றே எழுதிக் கொடுங்கள். அது சூரிய ஒளிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் உதவும். வீட்டை இடித்துக் கட்டும் ஆணை வந்திருந்தால், தளம் போடும்போதே தகடு தாங்கும்படி போடச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியலோடு அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்கள். சமுதாயக் கூடம், ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி ஆகியவற்றின் தளங்களில் அரசு செலவில் தகடு, அதன் மின்சாரம் குடியிருப்பின் எல்லா வீடுகளின் கணக்கிலும் வரவு. இதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததைப் பதிவு செய்யச் சொல்லி, மனுவின் நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்காமல் எழுந்து வராதீர்கள்.