ஞாயிற்றுக்கிழமையின் தெரு

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் ஞாயிறுதோறும் கூடும் அயல்நாட்டு வீட்டுப் பணிப்பெண்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று மறுபடியும் எழுந்துள்ள கோரிக்கையை நாம் திட்டவட்டமாக எதிர்க்கிறோம். எஜமானர் இல்லத்திலேயே வசித்தாக வேண்டும் என்று 2003 முதல் அரசாங்க விதி நிர்ப்பந்திப்பதால், வாராந்தர ஓய்வு நாளைக் கழிக்கத் தமக்கென ஓர் அறையும் இல்லாத அப்பெண்கள், அங்குள்ள சேட்டர் சாலையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, செருப்புகளை ஓரமாகக் கழற்றி வைத்து, கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்துண்டு, ஊரிலுள்ள பிள்ளைகளுடன் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பதை நகரத்தின் சௌந்தர்யத்துக்குப் பங்கம் என்பது அநியாயம். நெரிசலும் குப்பையும் உண்டுதான். அவற்றுக்குப் பரிகாரம் கழிப்பறையும் குடிநீரும் குப்பைத் தொட்டியுமேயன்றி வேலியன்று. 1992இலும் தம்மை அப்புறப்படுத்தும் இத்தகைய பிரயத்தனத்தைப் பணிப்பெண்கள் எதிர்த்து நின்றார்கள். ஞாயிறன்று அச்சாலையில் வாகனங்களுக்குள்ள தடை நீடிக்க வேண்டும். மழைக்கு ஒதுங்க அரசாங்கக் கட்டடங்களின் கூடங்களையும் அவர்களுக்கு உடனே திறந்துவிட வேண்டும்.