புகை அவர்களுடையது, சுமை நம்முடையதா?

உலகக் குளிர்பான முதலாளிகள் பூமியைக் காப்பாற்றப் போவதாகப் பகிரங்கமாக வாக்குறுதி கொடுத்தார்கள். நடந்தது என்ன? 2030-க்குள் தன் பானங்களில் நாலில் ஒரு பங்கைத் திரும்ப நிரப்பும் புட்டிகளில் விற்பதாகச் சொன்ன கோகோ கோலா, 2024 டிசம்பரில் வெளியிட்ட புதிய இலக்குகளில் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. 2040-க்குள் தன் கரியமில வாயுக் கணக்கைப் பூஜ்யமாக்குவதாகச் சொன்ன பெப்சி, 2025 மே மாதத்தில் அந்தக் கெடுவை 2050-க்குத் தள்ளிப் போட்டது.

இதில் நமக்கென்ன என்று, ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் ஆலைக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் தோழர் கேட்கலாம். நமக்கு நிறைய இருக்கிறது. நம் கிருஷ்ணகிரி மாவட்டம் மாங்கூழுக்குப் பேர் போனது. இங்கே விளையும் பெங்களூரா மாங்காய் கூழாகி, பானத் தொழிலுக்கும் கடல் கடந்தும் போகிறது.

புகை எங்கே உண்டாகிறது? பெப்சியின் சொந்தக் கணக்கிலேயே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதன் ஆலைகளுக்கு வெளியேதான் உண்டாகிறது. கரும்பும் பழமும் விளையும் வயலில், கூழ் ஆலையின் பாய்லரில், கண்ணாடியும் அலுமினியமும் உருகும் உலையில், பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக் புட்டியில், பெட்டிக்கடையில் இரவு பகலாக ஓடும் குளிர்ப்பெட்டியில்!

அப்படியானால் குறைக்கும் செலவு யார் தலையில் விழும்? "பாய்லரை மாற்று, உரத்தைக் குறை" என்று கம்பெனி உத்தரவு போடலாம். அதற்குப் பணம் யார் கொடுப்பது? 2025 பருவத்தில் பெங்களூரா கிலோ 5 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. மாநில முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. பறிகூலிக்கே கட்டாத விவசாயி எதைக் கொண்டு செலவு செய்வான்? கூழ் ஆலை முதலாளியோ, பருவ வேலைக்கு வரும் பெண்களின் கூலியில் கை வைப்பான்.

புகையைக் குறைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குறைத்தே ஆக வேண்டும். மாம்பூ கருகி உதிர்ந்தால் முதலில் வேலையிழப்பவன் கூலிக்காரன். தகரக் கூரையின் கீழ் வெந்து சாகிறவன் ஆலைத் தொழிலாளி.

வழி புதிதல்ல. காலிப் புட்டியைக் கொடுத்து முன்பணத்தைத் திரும்பப் பெற்ற காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒருமுறை குடித்து எறிந்தால் கண்ணாடியும் கேடுதான்; அதை உருக்க அவ்வளவு எரிபொருள் வேண்டும். பக்கத்திலேயே கழுவிப் பலமுறை நிரப்பினால்தான் லாபம். ஆனால் கழுவ ஆள் வேண்டும், சேகரிக்க ஆள் வேண்டும். பிளாஸ்டிக்கை விற்றுவிட்டால் குப்பை பஞ்சாயத்தின் பாடு, துப்புரவுத் தொழிலாளியின் பாடு! முதலாளி பிளாஸ்டிக்குக்குத் தாவிய ரகசியம் இதுதான்.

மக்கள் புட்டியைத் திருப்பித் தருவார்களா? மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டி வந்ததும் திருப்பித் தரும் திட்டம், ஐகோர்ட் உத்தரவின்பேரில் 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் தொடங்கியது. புட்டிகள் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஆனால் புட்டியை வாங்கி அடுக்கும் வேலை ஏற்கனவே உள்ள ஊழியர் தலையில் விழுந்தது. தனி ஆளும் இடமும் கேட்டு அவர்கள் போராட வேண்டியதாயிற்று. திட்டம் நல்லது, சுமை ஏற்றிய விதம்தான் அநியாயம். இந்தப் படிப்பினையை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே நாம் கோருவது: திரும்ப நிரப்பும் புட்டியைக் கம்பெனிகளுக்குச் சட்டத்தால் கட்டாயமாக்கு! கூழ் ஆலைப் பாய்லரை மாற்றும் செலவைக் கூழ் வாங்கும் கம்பெனியே ஏற்கட்டும்! மாங்காய்க்குக் கட்டுபடியான விலையைப் பருவத்துக்கு முன்பே அறிவி! புட்டி கழுவவும் சேகரிக்கவும் நியாயக் கூலியுடன் நிரந்தர வேலை கொடு!

கம்பெனியின் வாக்குறுதி காகிதத்தில் பிறந்து காகிதத்திலேயே சாகிறது. சட்டமாக்கி நிறைவேற்றச் செய்யும் பலம் சங்கத்துக்குத்தான் உண்டு. மாந்தோப்புக் கூலிக்காரரும் ஓசூர் ஆலைத் தொழிலாளியும் ஒரே மேடையில் இந்தக் கோரிக்கைகளை எழுப்பட்டும்!