ஊராட்சித் தேர்தலை இனியும் தள்ளாதீர்

வலங்கைமான் பேரூராட்சியில் குடியிருப்பவருக்கு ஒரு வார்டு உறுப்பினர் இருக்கிறார். 2022 பிப்ரவரி 19-இல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். பேரூராட்சி எல்லையைத் தாண்டி ஒன்றியத்துக் கிராமங்களுக்குள் போனால் நிலைமை வேறு. அங்கே 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள், உறுப்பினர்கள் அனைவரின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்கள் 27. அவற்றில் ஊராட்சித் தலைவர் பதவிகள் மட்டும் 9,624. திருவாரூர் மாவட்டமும் அதில் அடக்கம்.

இது நிர்வாகத் தாமதம் என்று கடந்துபோகக்கூடிய விஷயம் அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளின் பதவிக்காலத்தை ஐந்தாண்டு என்று வரையறுத்ததோடு நிற்கவில்லை. அந்தக் காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதையே அழுத்திச் சொன்னது. வார்டு மறுவரையறை, கிராமங்களை நகரங்களோடு இணைப்பது என்று அரசுத் தரப்பில் காரணங்கள் சொல்லப்பட்டன. இவையெல்லாம் திடீரென வந்த வெள்ளமா? 2020 ஜனவரியில் உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்த அன்றே, பதவிக்காலம் முடியும் தேதியும் கோட்டைக்குத் தெரியும். ஐந்து ஆண்டுகள் போதாதா?

இந்தக் குற்றத்தில் ஒரு கட்சிக்கு மட்டும் பங்கு என்று சொல்ல மாட்டோம். தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு 1986-இல்தான் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1996-இல். 2016 அக்டோபரில் பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பாக தி.மு.க. தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பாணையை ரத்து செய்தது. அதைச் சரிசெய்து சில மாதங்களில் தேர்தல் நடத்தியிருக்கலாம், அ.தி.மு.க. அரசு மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த நாட்களில், 2019 ஜனவரியில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின் கிராம மக்களிடம் குறை கேட்கும் ஊராட்சி சபைக் கூட்டங்களைத் தொடங்கினார். தொடங்கிய இடம் இதே திருவாரூர் மாவட்டத்துப் புலிவலம். பின்னர் அவரே முதலமைச்சரானார். அவர் ஆட்சியிலேயே புலிவலத்துக்கும் தனி அலுவலர் வந்தார். எதிர்க்கட்சியாக இருக்கும்போது வரும் கிராம அக்கறை, ஆட்சிக்கு வந்ததும் ஏன் வற்றிப்போகிறது என்பதை இரு கட்சிகளும்தான் விளக்க வேண்டும்.

‘தலைவர்கள் இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? கமிஷன்தான். அதிகாரி இருந்தால் வேலையாவது ஒழுங்காக நடக்கும்’ என்று டீக்கடையில் பேசுவோர் உண்டு. அதில் உண்மையே இல்லை என்று மறுக்க முடியாது. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் பண்ணிய கதைகளும் நமக்குத் தெரியும். ஆனால் தவறு செய்த தலைவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். அதற்கு முன்பே நடவடிக்கை எடுக்கவும் ஊராட்சிகள் சட்டத்தில் மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்து பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் அதிகாரியை ஊர் மக்கள் என்ன செய்ய முடியும்? அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு மேலே ஆட்சியர் இருக்கிறார். கீழே பதில் சொல்ல வேண்டிய ஆள் யாரும் இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்குள் எந்த வாய்க்காலைத் தூர்வார வேண்டும், காலனித் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் எந்த இடத்தில் சேறு இடுப்பளவு நிற்கிறது என்பதெல்லாம் அந்த ஊரில் இருப்பவருக்குத் தெரிந்த அளவு கோப்புக்குத் தெரியாது.

நல்ல தலைவர் ஒருவர் கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதற்கு வலங்கைமானின் வரலாறே பதில் சொல்லும். 1869-இல் இங்கே பிறந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, பள்ளித் தலைமையாசிரியர் வேலையை விட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தவர். ஆங்கிலப் பேச்சில் வெள்ளைக்காரர்களே வியந்த மனிதர். 1919-இல் இம்பீரியல் சட்டமன்றத்தில் ரௌலட் மசோதாவை ஆட்சியாளர்களின் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசினார். இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தும், அதிகாரிகள் பெரும்பான்மையாக இருந்த அந்த அவை மசோதாவை நிறைவேற்றியது. அறிவுக்கும் நேர்மைக்கும் நாவன்மைக்கும் அங்கே குறைவில்லை. கையைத் தூக்கியவர்கள் யாரும் மக்களிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டியவர்கள் அல்ல என்பதுதான் குறை.

ஓட்டு வந்ததும் டெல்டாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தலில், 1952-இல், தஞ்சை மாவட்டத்தில் கம்யூனிஸ்டுகள் குறிப்பிடத்தக்க வெற்றி பெற்றார்கள். அதே ஆண்டில் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குடிசை போட்டிருந்த இடத்தை அந்தக் குடும்பத்துக்கே சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம் 1971-இல் வந்தது. இரண்டுக்கும் நடுவில், 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்ட குடும்பங்கள்தான் அவர்களுடையவையும். ஆனாலும் ஊருக்குள் அதிகாரம் மிராசுதாரர் கையில்தான் இருந்தது. சென்னையில் இருக்கும் ஜனநாயகம் தெருவரைக்கும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி இல்லை.

தெருவரைக்கும் அதைக் கொண்டுவரத்தான் ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு வந்தது. பெண்களின் பங்கு இன்று பாதி. அதுவும் எளிதில் நடக்கவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்த ஐவரும் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் தலித் தலைவர் யாரையும் பொறுப்பில் நிலைக்க விடவில்லை. 2006-இல் அரசு உறுதியாக நின்றது, ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், தேர்தல் நடந்தது. நல்ல தலைமைக்கு அடையாளம் அதுதான். மக்களின் இடத்தில் தான் உட்காராமல், அந்த இடத்தில் மக்கள் உட்கார வழி செய்வது. அன்று சாதி ஆதிக்கத்தோடு மோதித் தேர்தல் நடத்த முடிந்த அரசு இயந்திரத்தால், எந்த எதிர்ப்பும் இல்லாத வலங்கைமான் ஒன்றியத்தில் நடத்த முடியவில்லை என்பதை எப்படி நம்புவது? தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பெரிய பண்ணைக்காரருக்கு நட்டம் ஒன்றும் இல்லை, அவருக்கு எம்.எல்.ஏ.வைத் தெரியும், தாசில்தாரைத் தெரியும். ஊராட்சி அலுவலகம் தவிர வேறு கதவு தெரியாத கூலிக்காரப் பெண்ணுக்குத்தான் இழப்பு.

மேடை கிடைத்தால் போதும், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத தலைவர் நம்மிடம் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையில் நிலமற்றவருக்கும் பெண்ணுக்கும் இடமில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி இன்றும் உறைக்கும்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் மீண்டும் பொறுப்புக்கு வரக் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பெருமை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய தேர்தலை நடத்தாத அரசுகளுக்குப் பொருந்தாது.

மாநிலத் தேர்தல் ஆணையம் அரசின் தலையசைப்புக்காகக் காத்திருக்காமல் தேதியை அறிவிக்க வேண்டும். மறுவரையறையும் ஒதுக்கீட்டுச் சுழற்சியும் பதவிக்காலம் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய வார்டுகளிலேயே தேர்தல் நடக்கும் என்று ஊராட்சிகள் சட்டத்தில் திருத்தம் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கிராம சபையில் கணக்கு வைக்க வேண்டும். வலங்கைமான் ஒன்றியத்து வாக்காளர்களிடம் நாம் கேட்பது இதுதான்: எந்தக் கட்சிக்காரர் ஊருக்குள் வந்தாலும், ஊராட்சித் தேர்தலைப் பற்றி அவர் என்ன நிலைப்பாடு எடுத்தார் என்று முதலில் கேளுங்கள்.